மாகனும் மாகோனும்
ஒரு வேந்தன் வாழ்வை உரைக்கும் இரு நூல்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல் நிலம் படுவான்கரை எனப் பெயர் பெறும். அக்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீச்சரர் கோயில் கொண்டிருக்கின்றார். கொக்கட்டி மரத்தை வெட்டிய வேடன் ஒருவன், அதனடியிற் குருதி கசியக் கண்டு, தன் ஆடையால் மூடி வணங்கிய இலிங்கமே அங்குள்ளது என்பது தலவரலாறு. இக்கோயில் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. தேசத்துக் கோயில் எனப் போற்றப்படுவது. தேரோட்ட நாளிலே படுவான்கரையும் எழுவான்கரையும் ஒருங்கே அங்குக் கூடும். அந்நாளில் உலகிப்போடி, காலிங்கா, படையாண்ட என்னும் தாய்வழிக் குடிகளுக்கு உரிய முறைமை உண்டு. வண்ணக்கருக்கு உரிய கடமை உண்டு. இன்ன குடிக்கு இன்ன மரியாதை, இன்னாருக்கு இன்ன பணி என்ற ஒழுங்கு தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வருகின்றது. இவ்வொழுங்கை வகுத்தவன் யாவன் என முதியோரை வினவினால், மாகோன் என்ற பெயரே விடையாகக் கிடைக்கும்.

அப்பெயருக்கு உரியவனைப் பிறிதொரு நூலிலும் காணலாம். இலங்கைப் பௌத்தரின் பாளி வரலாற்று நூலாகிய சூளவம்சம் அவனை மாகன் என்று அழைக்கின்றது. அங்கே அவன் கோயில் முறை வகுத்த கோமகன் அல்லன். விகாரைகளை இடித்து, ஏடுகளைச் சிதறடித்து, குடிகளின் செல்வத்தைப் பறித்த கொடியோன். ஒரே மனிதன் வாவியின் கரையிலே வணங்கத்தக்கவனாகவும், மகாவலியின் கரையிலே நினைக்கவும் அஞ்சத்தக்கவனாகவும் நிற்கின்றான். இவ்விரு படங்களுள் எது மெய் என்று கேட்பது எளிது. இரண்டும் எவ்வாறு தீட்டப்பட்டன, எவற்றை ஒளித்தன, எவற்றைத் தம்மையறியாமலே வெளியிட்டன என ஆராய்வதே திறனாய்வாளன் கடன். அக்கடனை ஆற்றாதவிடத்து நூலின் பகையையோ நூலின் பெருமையையோ படிப்பவன் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டு விடுகின்றான்.

காலமும் களமும்

இரு நூல்களையும் ஒப்பிடுமுன் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளைத் தொகுத்துக்கொள்ளுதல் நன்று. மாகன் கலிங்க குலத்தவன். கி.பி. 1215ஆம் ஆண்டளவில் பெரும் படையோடு இலங்கையில் இறங்கிப் பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அங்கு அரசிருந்த பராக்கிரம பாண்டியனின் கண்கள் பறிக்கப்பட்டன. மாகன் 21 ஆண்டுகள் ஆண்டான் என்று சூளவம்சம் கணக்கிடுகின்றது. அவன் படையினருள் கேரளரும் தமிழரும் மிகுதியாக இருந்தனர். தெற்கே மூன்றாம் விசயபாகுவும், அவன் மகனாய் 1236இல் அரசேறிய இரண்டாம் பராக்கிரமபாகுவும் தம்பதெனியாவைத் தலைநகராக்கி வலிமை பெற்றனர். 1255ஆம் ஆண்டளவில் மாகனின் ஆட்சி முடிவுற்றது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பொலன்னறுவை அதன்பின் தன் பழம் பெருமையை மீட்கவே இல்லை.

அவன் அரண்கள் இருந்த இடங்களைச் சூளவம்சமே பெயர் சொல்லி அடுக்குகின்றது. பொலன்னறுவை, குருந்தி, மாதோட்டம், மன்னார், இன்று ஊர்காவற்றுறை எனக் கொள்ளப்படும் சூகரதித்தம் என்பன அவற்றுட் சில. இப்பட்டியல் நூலின் நோக்கத்துக்கு மாறான ஓர் உண்மையைக் காட்டுவதாகும். கொள்ளையடித்துச் செல்ல வந்தவன் துறைமுகங்களையும் எல்லைப்புறங்களையும் தெரிந்தெடுத்துக் காவல் அமைப்பதில்லை. நெடுங்காலம் இருந்து ஆளக் கருதியவனே அவ்வாறு செய்வான். பகைவன் என்று எழுதிய கையே அவனை ஆட்சியாளன் என்றும் எழுதிவிட்டது.

சூளவம்சம் காட்டும் மாகன்

சூளவம்சம் தனியொருவர் ஒரே காலத்தில் இயற்றிய நூலன்று. வெவ்வேறு காலத்துப் பிக்குகள் தொடர்ந்து எழுதி வந்த நூல் அது. முதற்பகுதி முதலாம் பராக்கிரமபாகுவைக் காவிய நாயகனாக உயர்த்தி அவனது ஆட்சியோடு முடிகின்றது. மாகனைப் பற்றிய செய்தி அதற்கு அடுத்து வரும் பகுதியில் அமைகின்றது. இதனை எழுதியவர் தம்பதெனியா மன்னர்களின் புகழைப் பாட முற்பட்டவர். அவருடைய தலைவன் இரண்டாம் பராக்கிரமபாகு. தலைவன் ஒளி பெற வேண்டுமாயின் அவனுக்கு முன் இருள் சூழ்ந்திருத்தல் வேண்டும் என்பது காவிய மரபு. அவ்விருளாக மாகன் அமைக்கப்பட்டான்.

மாகன் நூலுள் புகும் இடத்திலேயே அலங்காரம் பொழிகின்றது. நல்லோராகிய காட்டுக்கு அவன் காட்டுத் தீ; நல்லறமாகிய ஆம்பல்களைக் கூம்பச் செய்யும் ஞாயிறு; அமைதியாகிய தாமரைகளின் எழிலைக் கெடுக்கும் திங்கள் என உருவகங்கள் தொடர்கின்றன. இவ்வுருவகங்கள் வடமொழிக் காவியம் பயின்றோர்க்குப் புதியனவல்ல. மன்னனை ஞாயிறு என்றும் திங்கள் என்றும் புகழ்வது கவிஞர் வழக்கம். அதே ஞாயிற்றையும் திங்களையும் எடுத்து, அவை மலர்விக்கும் பூவை விடுத்து, கூம்பச் செய்யும் பூவைப் பற்றிக்கொண்டு, புகழ்மொழியையே வசைமொழியாகத் திருப்பியிருக்கின்றார் ஆசிரியர். இது தேர்ந்த புலமை. ஆயின் இவ்விடத்திற் பேசுவது காவியப் பயிற்சியேயன்றிக் கண்ணாற் கண்ட சாட்சியன்று என்பதும் உடன் நினைக்கற்பாலது. மாகனின் வீரரை மாரனின் படையோடு ஒப்பிடுவதும் அத்தகையதே. போதி மரத்தடியிற் புத்தரை எதிர்த்த படை எதுவோ, அதுவே இலங்கையில் மீண்டும் வந்தது எனக் காட்டும்போது, வரலாறு புராணத்தின் சாயலைப் பெறுகின்றது.

மாகன் வருவதற்குரிய காரணத்தையும் நூல் கூறுகின்றது. இலங்கை மக்கள் செய்த தீவினை திரண்டமையால் காவல் தெய்வங்கள் கைவிட்டன என்பது அதன் விளக்கம். இவ்விளக்கம் சமய நோக்கிற் பொருத்தமானதே. எனினும் அதே நூலின் முன்னைய பக்கங்கள் வேறு காரணங்களைக் கைகாட்டி நிற்கின்றன. முதலாம் பராக்கிரமபாகு 1186இல் இறந்த பின், மாகன் வரும் வரையுள்ள ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுள் பத்துக்கு மேற்பட்டோர் பொலன்னறுவை அரியணையில் ஏறி இறங்கினர். லீலாவதி என்னும் அரசி மும்முறை அரசேற்றப்பட்டு மும்முறையும் இறக்கப்பட்டாள். மூன்று மாதக் குழந்தையாகிய தர்மாசோகனை அரசனாக்கினர். சோழ நாட்டிலிருந்து படையோடு வந்த அனிகங்கன் அக்குழந்தையைக் கொன்று அரசு கொண்டான். சோடகங்கன் என்ற மன்னனின் கண்களைப் பறித்தவன் கித்தி என்னும் அவ்வரசின் சேனாதிபதியே. ஆகவே கண் பறித்தல் மாகனோடு கடல் கடந்து வந்த கொடுமையன்று. அவன் வந்தபோது அவ்வரண்மனை அக்கொடுமையை நன்கு அறிந்திருந்தது. நாட்டின் தூண்கள் பலவற்றை உள்ளிருந்தோரே அசைத்துவிட்டனர்; விழுந்த கூரையின் பழி முழுவதும் இறுதியாக உள்ளே வந்தவன் தலைமேல் வைக்கப்பட்டது.

இனி, சூளவம்சத்தின் பகையை இனப் பகை என்று கொள்வோர் நூலைக் கூர்ந்து படியாதோர் ஆவர். மாகனாற் கண்ணிழந்த பராக்கிரம பாண்டியனும் படையோடு பாண்டி நாட்டிலிருந்து வந்து அரசைக் கைப்பற்றியவனே. அவனை மனு நீதியிலிருந்து வழுவாது ஆண்டவன் என்று அந்நூல் ஏற்றுக்கொள்கின்றது. கலிங்க குலம் என்பதும் அதற்கு இழிவன்று. 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பிறந்தவன். அவன் தன் கல்வெட்டுகளிலே, இலங்கையின் அரசுரிமை கலிங்க குலத்துக்கே உரியது என்றும், புத்த சாசனத்தைச் சாராத சோழர் கேரளர் முதலியோரை அரியணையில் அமர்த்தலாகாது என்றும் பொறித்துச் சென்றான். அவ்விதியின் ஒரு பாதிப்படி மாகன் அரசுக்கு உரியவன், மறுபாதிப்படி உரிமையற்றவன். குலத்தால் ஏற்கத்தக்கவன் சமயத்தால் விலக்கப்பட்டான். சூளவம்சத்தின் உரைகல் சாசனமேயன்றி இனமன்று. பிற்காலத்தார் தம் காலத்துப் பூசலை அந்நூலினுள் ஏற்றிப் படித்ததே அதனை இனப்பகை நூலாகக் காட்டியது.

இத்துணை கூறியும், அந்நூல் சொல்லும் அழிவைக் கற்பனை என்று தள்ளிவிடுதல் இயலாது. இரண்டாம் பராக்கிரமபாகுவின் காலத்திலேயே மயூரபாதத் தேரர் இயற்றிய பூஜாவலிய என்னும் சிங்கள நூலும் மாகன் செய்த கேட்டைப் பேசுகின்றது. நிகழ்ந்தவற்றைக் கண்டோர் உயிரோடிருந்த காலத்தில் அது எழுந்தது. தந்ததாதுவையும் பாத்திரதாதுவையும் பொலன்னறுவையிலிருந்து எடுத்துச் சென்று கொத்மலையில் மறைத்து வைத்த பிக்குகள் காவியத்துக்காக ஓடியவர் அல்லர், அச்சத்தால் ஓடியவர். விகாரைகள் படைவீடுகளாயின, சேதியங்கள் உடைக்கப்பட்டன, கட்டிய நூற்கயிறு அறுந்து ஏடுகள் திசைதோறும் சிதறின. இச்செய்திகளைத் தமிழ் வாசகன் ஒருவன் பிறர் துயரம் என்று புரட்டிச் செல்லுதல் அரிது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயில் மடிந்ததை அறிந்தவனுக்கு, ஏடு சிதறிய பிக்குவின் சொற்களில் எது காவியம், எது கண்ணீர் எனப் பிரித்தறிதல் கடினமன்று.

மான்மியம் காட்டும் மாகோன்

மட்டக்களப்பு மான்மியம் முற்றிலும் வேறு வகை நூல். கிழக்கிலங்கையில் வழங்கிய ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி எப். எக்ஸ். சி. நடராசா 1962ஆம் ஆண்டில் அதனைப் பதிப்பித்தார். அவர் முயற்சியின்றேல் இன்று அது பற்றிப் பேசுதற்கே இடமிராது. வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூல் இம்மரபுகளைப் பரந்த வாசகரிடம் கொண்டு சென்றது. மான்மியம் உரையும் செய்யுளும் கலந்தது. பல காலத்துப் பலர் கைபட்டது. அதிலும் அதனைச் சார்ந்த மரபிலும் கல்வெட்டு என்ற பெயரோடு வழங்கும் பகுதிகள் கல்லில் வெட்டப்பட்டவை அல்ல. ஓலையிலும் நாவிலும் நின்றவை. கல்லில் வெட்டினாற்போல் மாறாத உரிமை இது என்று வலியுறுத்தவே அப்பெயர் இடப்பட்டது போலும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். மாகன் என்னும் பாளிப் பெயர் தமிழில் மாகோன் என வழங்குகின்றது. ஓரெழுத்தின் திரிபு என்று இதனைக் கடந்து செல்லலாகாது. மா என்பது பெருமை. கோன் என்பது அரசன். அயல்மொழிப் பெயரொன்று நாவிற் பழகி, பொருளுள்ள தமிழ்ச் சொல்லாகி, அப்பொருளாலேயே புகழுரையும் ஆகிவிட்டது. பெயரைச் சொல்லும்போதே பேரரசன் என்று சொல்லிவிடும் மக்களுக்கு அவன் கொடியோன் என்ற எண்ணம் எழுதற்கு வழியில்லை.

மான்மியத்தில் மாகோனின் பெருந்தொழில் போர் அன்று, வகுத்தலே. கோயில்களுக்கு மானியமும் முறைமையும் வகுத்தான். குடிகளுக்கு நிலமும் தலைமையும் வகுத்தான். பணிக்குடிகளுக்குக் கடமை வகுத்தான் என அம்மரபு அவனைப் போற்றுகின்றது. மாகோன் வகுத்த வன்னிமை என்னும் தொடர் மட்டக்களப்பு வழக்கில் நிலைபெற்றது. நிலத்தலைவரே படைத்தலைவராகவும், கோயிற்றலைவரே நீதித்தலைவராகவும் விளங்கிய வன்னிமைச் சமுதாயத்துக்கு அவனே முதல்வன்.

இவ்விடத்தில் இரு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். சிங்களக் குடிகளுக்குரிய வயல், தோட்டம், ஆடுமாடு யாவற்றையும் பறித்து மாகன் தன் கேரள வீரர்க்கு ஈந்தான் என்று சூளவம்சம் முறையிடுகின்றது. தன்னைச் சார்ந்த குடிகளுக்கு மாகோன் நிலம் வகுத்தான் என்று மான்மிய மரபு மகிழ்கின்றது. இவை இருவேறு செயல்களாகவும் இருக்கலாம்; ஆயின் இரண்டும் ஒரே ஆட்சி முறையின் இரு முகங்கள். வென்ற நிலத்தை வீரர்க்குப் பகிர்ந்து, அவர் துணையால் நாட்டை நிறுத்துவதே அக்கால அரசின் அடிப்படை. பகிர்ந்தளிக்கும் நிலம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருவனுக்குக் கொடை என்பது மற்றொருவனுக்குப் பறிப்பு. பறிகொடுத்தோர் பக்கம் நின்றவர் பாளியில் எழுதினார். பெற்றோரின் பக்கம் நின்றவர் தமிழில் எழுதினார். ஒரு நூல் விட்ட இடத்தை மற்றது நிரப்புகின்றது என்பதைக் காட்டிலும், ஒரு நூலின் வரியை மற்றதன் மறுபக்கமாக வாசித்தல் தகும் என்பதே பொருந்தும்.

மான்மியத்தின் குறைகளையும் மறைக்கலாகாது. முதலாவது, அது அழிவைப் பேசாமை. உலகநாச்சி என்னும் கலிங்க அரசிளங்குமரி புத்தரின் தந்தத்தைக் கூந்தலில் மறைத்து இலங்கைக்குக் கொணர்ந்தாள் என்றும், மண்முனையை ஆட்சிக்குப் பெற்றாள் என்றும் அம்மரபே பெருமையோடு உரைக்கின்றது. கொக்கட்டிச்சோலைக் கோயிற் கதையிலும் அவளுக்கு இடமுண்டு. தந்ததாதுவைக் கொணர்ந்தவளைப் போற்றும் மரபு, அத்தாது பிற்காலத்தில் எவனுக்கு அஞ்சிக் கொத்மலையில் ஒளிய நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு கதைகளும் ஒரே ஏட்டுக் கட்டுக்குள் ஒன்றையொன்று காணாமற் கிடக்கின்றன. முரண்பாடு என்று இதனை இகழவேண்டியதில்லை. பௌத்தத்தைப் பகையென எண்ணாத ஒரு காலம் இம்மக்களுக்கு இருந்தது என்பதற்கு உலகநாச்சியின் கதை சான்று. மாகோனின் பெருமை அந்நினைவை மூடிவிடவில்லை, பக்கத்தில் வைத்திருக்கின்றது. படிப்பவனே இரண்டையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

இரண்டாவது, எல்லா முறைமைக்கும் ஒருவனையே கர்த்தா ஆக்குதல். தலைமுறைகள் பலவற்றில் வழக்கும் வாதும் சமரசமுமாக உருவான ஒழுங்கு, ஒரே நாளில் ஒரே வேந்தன் வாய்மொழியாற் பிறந்ததாகக் கூறப்படுகின்றது. இது மட்டக்களப்புக்கு மட்டும் உரிய வழக்கன்று. திருக்கோணமலையில் கோணேசர் கல்வெட்டு அத்தலத்தின் பணிமுறை முழுவதையும் குளக்கோட்டனுக்கு உரியதாக்குகின்றது. அங்கே சக ஆண்டு 1145, அதாவது கி.பி. 1223ஐக் குறிக்கும் சோடகங்கன் கால வடமொழிச் சாசனத் துண்டு ஒன்றும் கிடைத்துள்ளது. மாகன் பொலன்னறுவையில் ஆண்ட காலமும் அதுவே. ஆதலின் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே கிழக்கிலங்கைக் கோயில்கள் கலிங்கத் தொடர்புடைய தலைவர்களின் ஆதரவைப் பெற்றன என்னும் அளவில் மரபுக்கு அடிப்படை உண்டு. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு விவரத்தையும் அவர்கள் மேல் ஏற்றியது, பின்வந்தோர் தம் உரிமைக்குத் தேடிய ஆதாரமே.

மூன்றாவது குறையே மிகப் பெரிது. முறைமையின் மேற்படியில் நின்றோரின் குரலே மான்மியத்திற் கேட்கின்றது. பறை கொட்டியவன், துணி வெளுத்தவன், சுமை சுமந்தவன் ஆகியோர் தமக்கு வகுக்கப்பட்ட பணியை எவ்வாறு எண்ணினர் என்று அறிதற்கு அங்கே ஒரு வரியும் இல்லை. சிறை என்ற சொல்லாலேயே பணிக்குடிகள் சுட்டப்பட்டமை அந்நிலையை உணர்த்தப் போதும். மாகோன் வகுத்தான் என்ற சொல் ஒருவனுக்குக் காளாஞ்சியும் முதல் மரியாதையும் தரும்போது, மற்றொருவனை வாயிலுக்கு வெளியே நிறுத்தவும் அதே சொல் பயன்பட்டது. சூளவம்சத்திலே பறிகொடுத்தோர்க்குப் பேச ஒரு பிக்கு இருந்தார். மான்மியத்திலே பணிசெய்தோர்க்குப் பேச எவரும் இல்லை.

யப்பானிய ஒப்புமை

இவ்வகைச் சிக்கல் இலங்கைக்கே உரியதன்று. கொக்கட்டிச்சோலைக்குச் செல்லும் மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டிற் பாலம் அமைந்தது யப்பானிய அரசின் கொடையால் என்பதைப் படுவான்கரை மக்கள் அறிவர். அந்நாட்டின் நிலமானிய கால வரலாற்றிலே மாகனோடு வைத்து எண்ணத்தக்க ஒரு படைத்தலைவன் உண்டு. 1534இல் பிறந்து 1582இல் இறந்த ஒடா நொபுநாகா என்பவனே அவன். சிற்றரசொன்றின் தலைவனாய்த் தொடங்கி, போர்த்தலைவர் பலராற் சிதறுண்டு கிடந்த நாட்டின் நடுப்பகுதியைத் தன் கைக்குள் கொண்டுவந்தவன். 1571ஆம் ஆண்டில் ஹியெய் மலையிலிருந்த என்ரியாக்குஜி என்னும் பழம்பெரும் பௌத்த மடத்தைச் சுட்டெரித்தான். துறவியர் மட்டுமன்றிப் பெண்டிரும் பிள்ளைகளும் அங்கு மாண்டனர். பௌத்தத்தின் பகைவன் என்ற பழி அவனுக்கும் நிலைத்தது. அதே மனிதன் வணிகர் மேலிருந்த கட்டுகளைத் தளர்த்திச் சந்தைகளை வளர்த்தான். அசுச்சியில் வியத்தகு கோட்டை எழுப்பினான். பின்னர் நாடு ஒன்றாதற்கு வழி கோலினான். இறுதியில், 1582இல், கியோத்தோ நகரத்து ஹொன்னோஜி என்னும் கோயிலிலே தன் படைத்தலைவன் அகெச்சி மிட்சுஹிதேயின் துரோகத்தால் உயிர் துறந்தான்.

அவன் வாழ்வையும் வெவ்வேறு நோக்குடையோர் எழுதினர். அவனிடம் சேவகம் செய்த ஒட்டா கியுஇச்சி, தன் தலைவன் செய்தவற்றை ஆண்டு முறையிற் குறித்து வைத்தார். அவனை 1569இல் நேரிற் கண்டு பேசிய லூயிஸ் புரோயிஸ் என்னும் யேசுசபைப் பாதிரியாரும் எழுதினார். பௌத்த மடங்களை நொபுநாகா ஒடுக்கியமை அப்பாதிரியாருக்கு உவப்பாயிற்று. இறுதியில் அவன் தன்னையே வணங்கச் செய்ய முற்பட்டமையால் இறைவன் தண்டித்தான் என்று அவரே முடித்தார். எரிந்த மடத்தைச் சார்ந்தோர் நினைவு வேறு. இத்தனைக்கும் மேலாக நொபுநாகாவின் முத்திரை பொறித்த ஓலைகள் இன்றுமுள்ளன. ஹியெய் மலைத் துறவியர் படைக்கலம் தாங்கியவர் என்பதும், அவன் பகைவர்க்கு அம்மலை இடமளித்தது என்பதும் அறியப்பட்டுள்ளன. அவை எரிப்பின் கொடுமையைக் குறைப்பதில்லை, காரணத்தை விளக்குகின்றன.

மாகனின் நிலை இதனின் வேறு. அவனோடு இருந்து எழுதிய ஒட்டா இல்லை. அவனைக் கண்டு பேசிய அயலான் இல்லை. அவன் விகாரைகளை உடைத்தது சமய வெறியாலோ, செல்வத்தின் பொருட்டோ, எதிர்ப்பின் நிலைக்களன் அவை என்று கருதியோ என்பதற்கு அவன் வாய்மொழியாக ஒரு சொல்லும் எஞ்சவில்லை. நொபுநாகாவின் வாழ்வில் ஆய்வாளர் காரணம் தேடலாம். மாகன் வாழ்விலே விளைவுகளை மட்டுமே எண்ணலாம். இவ்வேறுபாட்டை மறந்து அவன் மனத்தைக் கண்டதுபோல் எழுதும் எழுத்து, பழியாயினும் புகழாயினும், வரலாறு ஆகாது.

ஆய்வாளர் கண்ட மாகன்

இருபதாம் நூற்றாண்டில் ஆய்வாளர் பலர் மாகனைத் தேடினர். முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலிலே அவனை யாழ்ப்பாண அரசின் தொடக்கத்தோடு இணைக்க முயன்றார். பேராசிரியர் செனரத் பரணவிதான, கலிங்கம் என்பது மலாய் நாட்டுப் பகுதியே என்று 1966இல் வாதிட்டார். அவ்வாதம் பிற அறிஞரால் ஏற்கப்படவில்லை. அமரதாச லியனகமகே 1968இல் வெளியிட்ட நூலில் பொலன்னறுவையின் வீழ்ச்சியைப் பரந்த காரணங்களோடு ஆராய்ந்தார். பேராசிரியர் சி. பத்மநாதனின் யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய ஆங்கில நூல் 1978இல் வந்தது. இவ்வாராய்ச்சிகளின் பயன் ஒன்றுண்டு. மாகன் தனியொரு சூறாவளி அல்லன்; பதின்மூன்றாம் நூற்றாண்டிலே வறண்ட வலயத்துப் பழைய அரசு சிதைந்து, வடக்கிலும் கிழக்கிலும் வன்னிமைகளும், தெற்கிலே புதிய தலைநகரங்களும் எழுந்த பெருமாற்றத்தின் நடுவில் நின்ற ஒருவன் என்பது தெளிவாயிற்று.

ஆயினும் ஆய்வு நூல்கள் பேசும் மாகன் வேறு, மேடைகள் பேசும் மாகன் வேறு. ஒரு மேடையிலே அவன் தமிழர் கொடுமையின் உருவம். மற்றொரு மேடையிலே தமிழர் வீரத்தின் உருவம். இரண்டு மேடைகளும் அவனைத் தமிழன் என்றே கொள்கின்றன. அவனோ கலிங்க குலத்தவன். அவன் படையிற் கேரளர் முதலிடம் பெற்றனர். தமிழருக்கு அவன் கொடுமையைச் சுமக்கும் கடனும் இல்லை; அவன் வெற்றியை உரிமை கொண்டாடும் தேவையும் இல்லை.

கொக்கட்டிச்சோலை 1987இலும் 1991இலும் படுகொலைகளால் உறவினரை இழந்த ஊர். அழிவென்பது யாது என அவ்வூருக்கு நூல் சொல்லித் தரவேண்டியதில்லை. அத்தகைய ஊர், தன் கோயில் முறையை வகுத்தவன் பெயரைச் சொல்லும்போது, அப்பெயர் வேறோர் ஊரில் எதனை நினைவூட்டும் என்பதையும் அறிந்து சொல்லுமாயின், அதனால் மாகோனின் மரபுக்கு இழுக்கில்லை. துயரம் அறிந்தவனுக்கே பிறர் துயரத்தைப் படிக்கும் தகுதி மிகுதி.

முடிபு

சூளவம்சம் மாகனை அவன் அழித்தவற்றால் அளந்தது. மான்மியம் மாகோனை அவன் விட்டுச்சென்ற ஒழுங்கினால் அளந்தது. இரண்டும் அளவைகளே, இரண்டும் குறையுடையன. முன்னதில் அலங்காரத்தை நீக்கினால் மெய்யான இழப்பு எஞ்சும். பின்னதிற் புகழை நீக்கினால் மெய்யான சமுதாயம் ஒன்று எஞ்சும். அச்சமுதாயத்தின் உரிமைகளையும் அநீதிகளையும் மாகோன் மேல் ஏற்றிவிட்டு இன்றுள்ளோர் பொறுப்பினின்று விலகுதல் பொருந்தாது. அவன் வகுத்தான் என்பதனால் ஒரு மரியாதை நல்லதாகிவிடாது. ஒரு விலக்கு நீதியாகிவிடாது. வகுத்ததை வைத்திருப்பதும் மாற்றுவதும் வாழ்வோரின் கையில் உள்ளன.

கல்லூரிகளிலே வரலாறு பயிலும் மாணவர் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒரு நூலைத் தம் மொழியில் அறிவர். மற்றதைப் பிறர் சொல்லக் கேட்பர். சிங்கள மாணவனுக்கு மான்மியம் எட்டாது. தமிழ் மாணவனுக்குச் சூளவம்சம் ஒரு வசைநூலாகவே அறிமுகமாகும். இரு நூல்களும் ஒரே மேசைமேல், ஒரே ஆசிரியரின் துணையோடு, ஒரே மாணவன் முன் விரிக்கப்படுதல் வேண்டும். தேரோட்ட நாளிலே தான்தோன்றீச்சரர் வீதியில் மாகோனின் பெயரைக் கேட்கும் இளைஞன் ஒருவன், சிதறிய ஏடுகளையும் அப்பொழுது நினைந்து, வடத்தையும் பற்றி இழுப்பானாயின், அவனே அவ்விரு நூல்களையும் முறையாகப் படித்தவன் ஆவான்.